நேரே வீட்டுக்குப் போகக்கூடாது

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்துவிட்டு "இவள் இப்படிப்பட்டவளா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எனக்கு லிஃப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், பனி விழுந்த ஹைவேயில் கார் ஓட்டப் பயம். இவற்றோடெல்லாம் எப்படியோ காலம் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக வந்து சேர்ந்த பயம்தான் என்னைப் படுக்கவும் விடவில்லை, இருக்கவும் விடவில்லை. அது வருடத்துக்கு ஒருமுறை ஒரு வடைப் பெட்டியோடு வரும்.

ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, படுக்கையில் புரட்டிவிடுவது. மூன்றாம் மாடி என்னுடையது. ஒவ்வொரு வருடமும் பனி கரையத் தொடங்கும் நாட்களில் ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவளுடைய அப்பா எங்கள் மூன்றாம் மாடியில் இருந்தவர், ஊரில் கணக்கு வாத்தியார். பெரிய நோய் வந்த வருடம், வெளியாட்கள் ஒருவரையும் உள்ளே விடாமல் கதவைப் பூட்டி வைத்திருந்த நாட்களில், அவர் செத்துப்போனார். அவருடைய திவசத்துக்கு மறுநாள் அவள் வந்து, ஒரு பெட்டி வடையும் மோதகமும் என்னிடம் தருவாள். தந்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"அக்கா, இந்தக் கையாலதானே அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

நான் கையை மெல்ல இழுத்துக்கொள்வேன். ஏனென்றால் நான் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை.

நடந்தது இதுதான். அன்று காலை அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் அங்கியும் முகமூடியும் கண்ணாடியுமாக நான் உள்ளே போய், ஸ்பஞ்சில் நனைத்து வாயில் தண்ணீர் வைத்தேன். அவர் என் கையுறையின் நுனியைப் பிடித்தார்.

"கொஞ்சம் இரும் பிள்ளை," என்றார்.

"இந்தா வாறன் அப்பா," என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேறு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவசர வேலை ஒன்றும் இருக்கவில்லை. நேராக லினன் அறைக்குள், அதுதான் துவாயும் விரிப்பும் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைக்குள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவருடைய மூச்சு என்மேல் பட்டுவிடும், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனுசனுக்குக் கொடுத்துவிடுவேன் என்ற பயம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. துவாய்களுக்குள் முகத்தைப் புதைத்து அழுதது மட்டும் நினைவிருக்கிறது. திரும்பிப் போனபோது அவர் போய்விட்டிருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே, கதவுப் பக்கமாக நீட்டியபடி கிடந்தது.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். தமிழ் தெரிந்தவள் நான்தானே என்று நர்ஸ் போனை என்னிடம் தந்துவிட்டார். கடைசி நேரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஆராவது இருந்ததோ என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்ல எப்படி வாய் வரும்? "ஓம், நான்தான் இருந்தனான். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் அழுத அழுகையில் என் நாக்கு நிற்கவில்லை. "உங்கட பேரைச் சொன்னவர்," என்றும் சேர்த்துவிட்டேன். அவர் சொல்லவேயில்லை.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் "கொஞ்சம் இரும்" என்று கேட்கும். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்தேன். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்து, கை விறைத்து, இதோ சாகப்போகிறேன் என்று வரும். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். மனுசன் "உது சும்மா நினைப்பு, யோசியாதை," என்றார். யோசிக்காமல் இருக்கத் தெரிந்தால் நான் ஏன் இப்படிக் கிடந்து சாகிறேன்? வேலையிடத்திலும் ஒருநாள் மனநலக் கூட்டம் வைத்தார்கள். வந்த பெண் நல்லவள்தான், பாவம். ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்ட தாளைத் தந்து, உங்கள் பதற்றம் எவ்வளவு என்று வட்டம் போடச் சொன்னாள். நான் இரண்டுக்கு வட்டம் போட்டேன். பத்துக்குப் போட்டு, அவர்கள் என்னை விசரி, பைத்தியக்காரி என்று பதிந்து வேலையால் அனுப்பிவிட்டால்? சுற்றிப் பார்த்தேன். எல்லாருடைய தாளிலும் இரண்டு, மூன்றுதான்.

வடைப் பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வேலையிடத்துச் சாப்பாட்டறையில் வைத்துவிடுவேன். எங்கள் மாடியில் நிறையப் பிலிப்பினோப் பெண்கள். நிமிடத்தில் காலி பண்ணிவிடுவார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் "ஆத்தே" என்று கூப்பிடுவார்கள், அவர்கள் மொழியில் அக்கா. அறுபதை நெருங்கிய, குள்ளமான, உரத்த சிரிப்புள்ள மனுசி. நாங்கள் பேசிக்கொள்வது இங்கிலீஷில். அவர்களுடைய இங்கிலீஷ் ஒரு மாதிரி, என்னுடையது இன்னொரு மாதிரி. இங்கே எழுதும்போது எல்லாரும் என் தமிழில்தான் பேசப்போகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நாலு வருசமா வருகுது இந்தப் பெட்டி," என்றார் ஆத்தே இந்த வருடம், வடையைக் கடித்துக்கொண்டு. "நீ ஒருக்காலும் ஒண்டும் எடுக்கேல்லை. ஏன்?"

"எண்ணெய்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது," என்றேன்.

"போன கிழமை ரோல்ஸ் நாலு சாப்பிட்டனி."

மனுசிக்குக் கண்ணெல்லாம் கண். நான் எழும்பிப் போய்விட்டேன். அன்று அப்படிப் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. இந்தமுறை வாத்தியாரின் மகள் பெட்டியைத் தந்ததோடு நிற்கவில்லை.

"அக்கா, வாற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வீட்ட வரவேணும். பிள்ளையள் வளந்திட்டினம். தாத்தா கடைசியா என்னெண்டு போனவர் எண்டு உங்கட வாயால அவைக்குச் சொல்லவேணும். மூத்தவன் வீடியோ எடுத்து வைக்கப்போறானாம். காலத்துக்கும் இருக்கும்."

காலத்துக்கும் இருக்குமாம்! போனில் சொன்ன பொய் காற்றோடு போயிற்று என்று நாலு வருடமாக என்னை நானே தேற்றியிருந்தேன். இனி அதைக் கமராவுக்கு முன்னால், அவருடைய பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னாலோ, வேலை போகும், ஸ்காபரோ முழுக்கக் கதை போகும். அதைவிட, அப்பா தன் பேரைச் சொன்னார் என்று பிடித்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணிடமிருந்து அதையும் பறிக்க வேண்டும். "வாறன்," என்றேன். எனக்கு வேறென்ன தெரியும், வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கத்தானே தெரியும்.

அதே கிழமை மூன்றாம் மாடியில் ஒரு பிலிப்பினோக் கிழவி இறந்துபோனார். நான் குளிப்பாட்டிய மனுசி. வேலை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு ஆத்தேயின் காரில் நாங்கள் நாலு பேர், உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்துக்குப் போனோம். ஆத்தே, இளையவர்கள் இருவர், நான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து காரில் ஏறினால், கார் என் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஒரு டோனட் கடைக்கு முன்னால் போய் நின்றது.

"நான் இறங்கேல்லை," என்றேன். "செத்தவீட்டுக்குப் போன உடுப்போட சாப்பாட்டுக் கடையோ? எங்கட ஆக்கள் முழுகாமல் ஒரு இடமும் போகமாட்டினம். என்னை நேர வீட்ட விடுங்கோ."

"நேர வீட்ட போகக்கூடாது," என்றார் ஆத்தே. "நேர போனா அது உன்னோட வீட்ட வரும்."

"எது?"

"செத்தவ."

அவர்களிடம் இதற்கு "பக்பக்" என்று பெயர். தூசி தட்டுவது என்று அர்த்தமாம். செத்தவீட்டுக்குப் போய்விட்டு, வேறெங்காவது இருந்து, கதைத்து, எழும்பி, உடுப்பை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். கூட வந்தது அங்கேயே வழி மாறி நின்றுவிடும். நான் முழுக வேண்டும் என்றேன். அவர் உதற வேண்டும் என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் உள்ளே போனார்கள். நான் காருக்குள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஈரப் பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கால்விரல் விறைத்தது. என்ன கோதாரி, கடவுள் மன்னிக்கட்டும் என்று நானும் உள்ளே போனேன்.

அவர்கள் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, "குவெந்துஹான்", கூடியிருந்து கதைப்பது. பயந்த கதைதான் அதிகம். ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் புத்தி சொல்வதில்லை, "அப்படி நினைக்காதை" என்பதில்லை. "தாபோஸ்?" என்று மட்டும் கேட்பார்கள். பிறகு? இளையவர்களில் ஒருத்தி, தன் அம்மா ஊரில் செத்த நாளிலிருந்து போன் அடித்தாலே கை நடுங்குகிறது என்றாள். தாபோஸ்? போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடி வைத்தேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சீறினாள். இரண்டுக்கு வட்டம் போட்டவர்களில் இவளும் ஒருத்தி.

பிறகு ஆத்தே தன் கதையைத் தொடங்கினார். மூன்றாம் மாடி லினன் அறையின் கதை.

அந்த அறையில் பேய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் எல்லாருக்கும் தெரியும். பிலிப்பினோப் பெண்கள் அந்தக் கதவைத் திறக்கமுன் "தாபி தாபி போ" என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களிடம், கொஞ்சம் வழி விடுங்கோ என்று கேட்பது. நானும் சொல்லப் பழகியிருந்தேன். முடிந்தால் வேறு யாரையாவது அனுப்புவேன். கதை தொடங்கினாலே எழும்பிப் போய்விடுவேன், அதனால் முழுக்க ஒருநாளும் கேட்டதில்லை. அன்று சுவர்ப்பக்கக் கதிரையில் அகப்பட்டுக்கொண்டேன்.

"நோய் வந்த வருசம்," என்றார் ஆத்தே. "ஒரு காலமை விரிப்பு எடுக்கக் கதவைத் திறந்தன். லைட் போடேல்லை. துவாயளுக்கு நடுவில ஒண்டு நிக்குது. முழுக்க வெள்ளை. முகம் இல்லை."

"தாபோஸ்?"

"அழுகுது. மூச்சு விட ஏலாமல் அழுகுது. என்ர மாடியில அந்தக் கிழமை மட்டும் எத்தினை பேர் போச்சினம், அதில ஒண்டாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். கதவைச் சாத்திப்போட்டு ஓடினன். ஓடின வழியில அந்தக் கணக்கு வாத்தியாரின்ர அறையைத் தாண்டேக்குள்ள..."

நாலு வருடமாக நான் வழி கேட்டுக் கும்பிட்டுக்கொண்டு வந்த பேய் யாரென்று விளங்கிவிட்டது.

"...அவர் கூப்பிட்டது கேட்டது. எனக்கு விளங்காத பாசை. நான் நிக்கேல்லை. பேய்க்குப் பயந்து ஓடிட்டன். பிறகு பாத்தா ஆள் முடிஞ்சுது. அதைத்தான் நான் நேர வீட்ட கொண்டுபோனன். அப்ப கடை எல்லாம் பூட்டு. போய் இருக்க ஒரு இடம் இல்லை. நாங்கள் எல்லாரும் நேர வீட்டதான் போனனாங்கள், ஒவ்வொருத்தரும் எங்கட எங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அது பேய் இல்லை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "அது பேய் இல்லை ஆத்தே. அது நான்."

ஆத்தேக்குப் பேய் அறைந்த மாதிரி முகம் வெளுத்தது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். என்னைக் கண்டு பயந்துதானே அவர் ஓடினார், ஓடியதால்தானே நிற்கவில்லை. நான் ஒளிந்ததால் ஒருவர் இல்லை, இரண்டு பேர் அந்த மனிதரைத் தனியே விட்டிருக்கிறோம். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஆத்தே என் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"தாபோஸ்?" என்றார்.

சொன்னேன். கையுறையை, துவாயை, கதவுப் பக்கம் நீட்டியிருந்த கையை, போனில் சொன்ன பொய்யை, வடைப் பெட்டியை எல்லாம். நடுவில் மூச்சு முட்டியபோது யாரும் "அமைதியாக இரு" என்று சொல்லவில்லை. காத்திருந்தார்கள். முடித்ததும், போனுக்குப் பயந்த இளையவள் "தாபோஸ்?" என்றாள்.

"தாபோஸ் இல்லை. அவ்வளவுதான்."

"ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டு சொன்னாய்," என்றார் ஆத்தே. "தாபோஸ்?"

அவர்கள் யாரும் சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. எழும்பி வாசலில் நின்று நாலு பேரும் கோட்டை உதறினோம். ஆத்தே தன்னுடையதை உதறிவிட்டு என்னுடையதையும் ஓங்கி ஓங்கித் தட்டினார், எனக்கு நொந்தது. அந்தத் தட்டில் கோபமும் இருந்தது. அது அவருடைய உரிமை.

ஞாயிறு காலை நான் ஸ்ரௌவ்வில்லுக்குப் போகவில்லை. மகளுக்குப் போன் எடுத்து, வீட்டில் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கோ என்று அந்த டோனட் கடைக்கு வரச் சொன்னேன். நான் சொல்லப்போவதை அவள் தன் வீட்டுக் கூடத்தில் இருந்து கேட்டால், அது அந்த வீட்டிலேயே இருந்துவிடும். அதற்கும் பயந்தேன். அவள் எதிரே இருந்து கோட்டைக் கழற்றமுன், கோப்பியை வாயில் வைக்கமுன் சொல்லத் தொடங்கிவிட்டேன். கொஞ்சம் பிந்தினாலும் ஓடிவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும்.

அவள் அசையாமல் கேட்டாள். முடிந்ததும், "பேரைச் சொன்னவர் எண்டது?" என்றாள்.

"இல்லை. அது நான் சொன்னது."

அவள் எழும்பிப் போய்விட்டாள். கண்ணாடிக்கு வெளியே அவள் காருக்குள் ஏறுவது தெரிந்தது. கார் வெளிக்கிடவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்கு நெஞ்சு அடித்தது, கை விறைத்தது, சாகப்போகிறேன் என்று வந்தது. வரட்டும் என்று இருந்தேன். இந்த முறை ஒளிய ஒரு லினன் அறையும் இல்லை.

கதவு திறந்தது. அவள் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அப்ப என்னதான் சொன்னவர்? உண்மையைச் சொல்லுங்கோ."

"கொஞ்சம் இரும் பிள்ளை எண்டவர்."

"நீங்கள்?"

"இந்தா வாறன் எண்டிட்டுப் போயிட்டன்."

அவள் கதிரையில் பக்கவாட்டாக இருந்தாள், என்னைப் பார்க்காமல், வாசலைப் பார்த்தபடி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அதுவும் பொய்போல இருக்கும் என்று பட்டது. இனி என் முகத்தில் முழிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"நான் போறன் தங்கச்சி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி என் கோட்டுக் கையின் நுனியைப் பிடித்தாள்.

"இருங்கோ," என்றாள். "கொஞ்சம் இருங்கோ அக்கா."

நான் திரும்பவும் கதிரையில் இருந்தேன். அவளாக எழும்பும்வரை நான் எழும்பவில்லை.